மாசி பெருநாள் கொண்டாடப் போன வீடு

1

பெருநாள் முடிந்து எட்டு நாளாகிறது. இன்னும் முன்கதவின் சத்தம் கேட்டால் என் நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் ஓடுகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் இருக்கும் என் தங்கச்சிக்கு விஷயத்தைச் சொன்னேன். "ராத்தா, ஒரு பூனைக்கா இவ்வளவு?" என்று குரல்பதிவு அனுப்பினாள். அந்தப் பதிவில் அவளுக்குப் பின்னால் இரண்டு பூனைகள் மீன் தலைக்காக ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் சத்தமும் இருந்தது. அப்படிப்பட்ட பூனைகளோடு வாழ்கிறவளுக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? ஆகவே அவளுக்கும் ஊரில் இருக்கும் உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பூனையைப் பற்றி. இங்கிலாந்தில், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி இருக்கிற எங்கள் வீட்டில் வசிப்பவர் ஒரு ரக்டோல். துணிப்பொம்மை என்று அர்த்தம். பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. பெரிய உடம்பு, வெள்ளையும் சாம்பலுமாக நீண்ட மயிர், நீலக் கண். யார் தூக்கினாலும் நாலு காலையும் தலையையும் தொங்கவிட்டுவிடுவார், கொடியில் போட்ட ஈரச் சாரன் மாதிரி. முதல் நாள் அவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க, இதுக்கு எலும்பு இல்ல!" என்று என் கணவரைக் கூப்பிட்டேன். நான் ஊரில் ஒன்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள்.

ஆம், அவர் என்றுதான் சொல்கிறேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அது, இது என்று சொல்ல வாய் வராது.

2

அவரோடு ஒரு பெரிய உறையும் வந்தது. அவருடைய குடிவழிப் பத்திரம். தாய், தகப்பன், தாயின் தாய் என்று நாலு தலைமுறை அச்சடித்துக் கிடந்தது. அதன்படி அவருடைய முழுப்பெயர் வெள்ளிப் புல்வெளி லார்ட் மார்ஷ்மெல்லோ. நான் இந்த நாட்டில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, என் உம்மாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் இருந்ததற்காக ஏழு மாதம் கடிதம் எழுதினேன். இவருடைய பூட்டியின் கண் நிறம்கூட எழுத்தில் இருக்கிறது.

எங்கள் கரையில் ஒவ்வொருவருக்கும் தாய் வழியில் ஒரு குடி உண்டு. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்கூடக் குடிக்கு ஒருவர்தான். அதனால் தங்கச்சி முதலில் கேட்டதே, "எந்தக் குடியாம், ராத்தா?" என்பதுதான்.

"உம்மா வழியில வெள்ளிப் புல்வெளிக் குடி" என்றேன்.

"நல்ல குடிதான் போல. இன்னும் ரெண்டு பேர் வந்தா மரைக்காயர் வைக்கலாம்" என்று பின்னாலிருந்து என் கணவர் சொன்னார்.

மகள் அவரை மார்ஷ் என்று கூப்பிடுவாள். என் வாயில் அது ஒரு கிழமைக்குள் மாசியாகிவிட்டது. மாசிக் கருவாட்டின் பெயரால் அழைக்கப்படுவது பற்றி அவருக்கு ஒரு மனக்குறையும் இல்லை. மனக்குறை என்ற ஒன்றே அவருக்கு இல்லை.

அவருடைய குணத்தை ஊர்க்காரருக்கு விளக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அந்த முதல் மூன்று மாதத்தை நினைத்துப் பாருங்கள். இருத்திய இடத்தில் இருப்பார். போட்டதைத் தின்பார். உரத்துக் கதைக்க மாட்டார். மாமி நடந்து வந்தால் காலை மடக்கி வழிவிடுவார். யார் வந்தாலும் எழும்பி வாசலுக்குப் போய் முகம் காட்டுவார். நாலாம் மாதம்தான் ஆளின் சுயரூபம் தெரியும். மாசிக்கு அந்த நாலாம் மாதம் வரவேயில்லை.

"எனக்கு மட்டும் வந்திச்சா?" என்று கணவர் கேட்டார்.

"நீங்க மூணாம் கிழமையே மீன் ஆணத்துக்கு உப்புக் கூட எண்டு சொன்னீங்க."

"கூடத்தானே இருந்திச்சு!"

மாசி நான் போகும் அறைக்கெல்லாம் பின்னால் வருவார். குளிக்கப் போனால் கதவடியில் காத்துக்கிடப்பார். கேஸ் மீற்றர் பார்க்க வந்த ஆள் அவரைத் தோளில் போட்டுக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றினார். நகத்தைக் காட்டியதில்லை. குரலோ, எண்ணெய் காணாத கதவுப் பிணைச்சல் மாதிரி மெல்லியது. ஒரேயொரு குறை. அவரைப் படைக்கும்போது பயம் என்ற சாமானைப் போட மறந்துவிட்டார்கள். கார் வந்தால் விலக மாட்டார். யார் வருகிறார்கள் என்று பார்ப்பார். அவரை வளர்த்து விற்ற பெண், வெளியே மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று மூன்று தரம் சொன்னாள்.

பயத்துக்கு எங்கள் வீட்டில் பொறுப்பு நான். கடல் ஊருக்குள் வந்து போனதிலிருந்து நான் எந்த வீட்டிலும் கீழ்த்தட்டில் கண்ணயர்ந்ததில்லை. இங்கே கடல் ஐம்பது மைல் தள்ளி. ஆனாலும் மேல்மாடியில்தான் படுப்பேன். முன்கதவுக்கு மூன்று பூட்டு.

3

மகள் ஹனா வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். போன கோடை விடுமுறையில் ஒரு கூடையோடு வாசலில் வந்து நின்றாள். கூடைக்குள் மாசி இருந்தார். எங்களிடம் கேட்கவில்லை. விடுமுறை முடிந்ததும், "உம்மா, நான் இருக்கிற வீட்டுல பூனை வைக்க விடமாட்டாங்க. நீங்க பாத்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் இடையில் கதை வற்றிக்கொண்டு வந்தது. கிழமைக்கு ஒரு தரம் எடுப்பாள். நான் கேட்பேன்: கதவைப் பூட்டினியா, யன்னலையும் பூட்டினியா, தனியவா வந்தாய், இருட்டிட்டுதா, பின்னால யாரும் வந்தாங்களா. அவள் "ஓம், ஓம், இல்ல, ம்" என்பாள். பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தரமானது. ஒரு நாள் சொன்னாள்: "உம்மா, நீங்க கதைச்சா பொலிஸ் விசாரிக்கிற மாதிரி இரிக்கி." அதற்குப் பிறகு குறுஞ்செய்தி மட்டும். 'ஓகே' என்பதைக்கூட ஒரே எழுத்தில் அனுப்புவாள்.

மாசி வந்த பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குக் காணொளியில் எடுக்கிறாள். "அவரைக் காட்டுங்க." நான் போனை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பேன். அவர் கண்ணைச் சிமிட்டுவார். அவள் இருபது நிமிடம் அவரோடு கதைப்பாள். சப்பாத்தில் தண்ணீர் போவது, பரீட்சை பிழைத்துப்போனது, கூட்டாளி ஒருத்தி முகம் தராமல் திரிவது எல்லாம் அவருக்குத்தான் சொல்வாள். நான் போனைப் பிடித்த கை நோக நின்று, பூனைக்குச் சொல்வதை ஒட்டுக்கேட்டுத் தாய் வேலை பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கதவும் யன்னலும் வந்துவிடும் என்று எனக்கே தெரியும்.

ஆகவே என் கணக்கு எளிது. மாசி போனால் ஆறு மணியும் போகும்.

4

அப்படியென்றால் பெருநாளண்டு கதவைத் திறந்து வைத்தது யார்? நான்தான்.

எங்கள் ஊரில் பெருநாள் தொழுகை முடிந்ததும் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டால் அந்தித் தொழுகையான மஃரிபு வரை சாத்தக் கூடாது. வருகிறவர் தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, நேரே வரவேண்டும். பெருநாளில் கதவு சாத்திய வீட்டைப் பார்த்தால் அந்த வீட்டில் என்ன துக்கம் என்று கேட்பார்கள். இங்கே பதினொரு வருடமாகப் பெருநாள் பெரும்பாலும் வேலை நாளிலேயே வந்து, கதவு சாத்தியபடியே போனது. இந்த முறை சனிக்கிழமை. ஹனா நாலு மணி ரயிலில் வருகிறாள். மூன்று குடும்பம் சாப்பாட்டுக்கு வருகிறது. எனக்கு இருந்த சந்தோசத்தில் கை தானாகப் போய் மூன்று பூட்டையும் கழற்றி, கதவைத் திறந்து, சப்பாத்துத் தட்டை முட்டுக் கொடுத்துவிட்டது. புத்தியைக் கேட்கவில்லை. குளிர் விறுவிறுவென்று உள்ளே வந்தது. ஹீற்றரைக் கூட்டிவிட்டேன். அப்போதும் புத்தி வரவில்லை.

மாசி கதவடியில் உட்கார்ந்து வந்தவர்களையெல்லாம் வரவேற்றார். பிள்ளைகள் அவரைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கினார்கள். பகல் சாப்பாடு முடிந்து எல்லாரும் போனார்கள். என் கணவர் ஒரு வயதாளியைக் காரில் விட்டுவரப் போனார். நான் ஐந்து பீங்கானில் வட்டிலப்பம் வெட்டி, தட்டத்தில் அடுக்கி, மேலே துணி போட்டு, எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடைசி வீடு கீத்தினுடையது. ஓய்வுபெற்ற தபால்காரர், தனியாள். அவருக்கு இது கேக்கா, கஸ்டட்டா என்று தெரிய வேண்டும். தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் என்று சொன்னேன். "முட்டை எத்தனை?" பதினைந்து என்றதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடம் வாசலில் நின்று முட்டையை விளங்கப்படுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கதவு திறந்தபடி. வாசலில் மாசி இல்லை.

5

முன்னறைச் செற்றிக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குள்ளே, அரிசி வாளிக்குள்ளேகூடப் பார்த்தேன். பிறகு பெருநாள் உடுப்போடும் குளியலறைச் செருப்போடும் தெருவில் இறங்கி "மாசி! மாசி!" என்று ஓடினேன். ஊரில் என்றால் மாசி விற்கிறாள் என்று நாலு பேர் சாக்கோடு வந்திருப்பார்கள்.

கணவர் வந்து சேர்ந்தார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருபத்திமூன்று வருடக் கலியாண அனுபவம். "வந்தவங்கட பிள்ளைகள் தூக்கிட்டுப் போயிருக்குமோ?" என்று மட்டும் கேட்டார்.

பெருநாள் விருந்தாளிகளைப் போனில் அழைத்து, பையைத் திறந்து பாருங்கள் என்று சொன்ன முதல் பெண் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். "ராத்தா, நாங்க புரியாணிப் பொதியும் மூணு பிள்ளையும்தான் கொண்டு வந்த" என்றாள் ஒருத்தி. "எண்ணிப் பாத்திட்டன், மூணும் நம்மடதான்."

பிறகு சிப்புக்காரருக்கு அழைத்தேன். இங்கே பூனையின் கழுத்துத் தோலுக்குள் அரிசி அளவில் ஒரு சிப் வைத்து, அதன் இலக்கத்தைப் பதிந்து வைப்பார்கள். பன்னிரண்டு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"நீங்கள் பதிவுசெய்த பொறுப்பாளரா?"

"இல்லை. நான் அவருக்கு உம்மம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொறுப்பாளர் ஹனா என்று பதிவில் இருக்கிறதாம். நான் முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் கொடுத்த உடனே, பூனை காணாமல் போய்விட்டது என்று பொறுப்பாளரின் போனுக்குத் தானாகச் செய்தி போகுமாம்.

ரயிலில் இருக்கும் ஹனாவின் போனை நினைத்தேன்.

"அப்படியென்றால் அவர் காணாமல் போகவில்லை" என்றேன்.

"மன்னிக்கவும்?"

"வீட்டில்தான் இருக்கிறார். நன்றி. பெருநாள் வாழ்த்துகள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மணி இரண்டரை. வட்டிலப்பம் கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பப் போனேன். பதினொரு வருடமாகத் தலையாட்டலோடு நின்றிருந்தவர்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவர் தன் கார்க் கொட்டிலைத் திறந்து காட்டினார். கீத்தின் வீட்டில் மட்டும் பதிலில்லை. இரண்டு தரம் பெல் அடித்தேன். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

6

ஒரு முஸ்லிம் பெண், பெருநாளண்டு, அயலவரின் பூப்பாத்திக்குள் ஏறி நின்று யன்னலில் மூக்கை ஒட்டிப் பார்க்கிறாள். ஊரில் யாராவது செய்திருந்தால் நானே ஒரு மாதம் கதைத்திருப்பேன்.

கீத் கதிரையில் இருந்தார். அவருடைய மடியில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் தலை தொங்கியது, மறுபக்கம் வால் தொங்கியது, நடுவில் உயிர் இருக்கும் அடையாளம் இல்லை. மாசியின் குணம் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே, அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கார் அடித்துவிட்டது, இந்த மனிதர் எடுத்து வைத்திருக்கிறார் என்றே எண்ணினேன். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று இறப்புச் செய்திக்குச் சொல்வதைத் தெரு கேட்கச் சொன்னேன்.

கீத் திரும்பினார். விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்றார். பிறகு பின்பக்கக் கதவைக் கைகாட்டினார்.

உள்ளே போனதும் கிசுகிசுத்தார். "இப்போதுதான் கண் அயர்ந்தார். பெல் கேட்டது அம்மணி, எழும்ப முடியவில்லை. என் கால் இரண்டும் விறைத்து ஒரு மணித்தியாலம்."

"எப்படி வந்தார்?"

"உங்களுக்குப் பின்னால்தான். நீங்கள் முட்டையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது காலுக்கு இடையால் உள்ளே வந்தார். இவரும் பெருநாளில் ஒரு பகுதி என்று நினைத்தேன்."

"என்ன பகுதி?"

"நீங்கள் புடிங் கொண்டுவருவீர்கள், இவர் கொஞ்ச நேரம் வந்து இருப்பார். நல்ல வழக்கம் என்று நினைத்தேன்." மாசியின் காதைத் தடவினார். "பெருநாள் எத்தனை நாள்?"

நான் அவருடைய கம்பளத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பக்கத்து மேசையில் பீங்கான் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. "அவருக்குக் கொடுக்கவில்லை. கேட்டார்தான்" என்றார் கீத், குற்றம் ஒப்புக்கொள்கிறவர் போல.

ஆக, ஐந்து வீட்டுக்கும் மாசி என் பின்னால் நடந்திருக்கிறார். தெரு ஓரத்தால், கார்களுக்குப் பக்கத்தால். நான் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? எங்கள் ஊரில் பூனை மீன் வாளிக்குப் பின்னால் வரும், மனிசருக்குப் பின்னால் வராது. என்னை நம்பி ஓர் உயிர் பின்னால் வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

7

"புள்ளைக்குச் சொல்லாத. கிடைச்சிட்டுதானே" என்றார் கணவர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மாசியின் மயிரில் ஒட்டியிருந்த புல்லைச் சீவி எடுத்தோம். கதவுக்கு மூன்று பூட்டையும் போட்டோம். ஹனா வந்து அவரைத் தூக்கித் தோளில் போட்டாள். அவர் வழமைபோல் எலும்பில்லாமல் தொங்கினார். நான் புரியாணி போட்டேன். எல்லாம் நன்றாகவே போனது, பெல் அடிக்கும் வரை.

கீத். கழுவிய பீங்கானைக் கொண்டுவந்திருந்தார். அதன் மேலே ஒரு டின் சாடின் மீன். வெறும் பீங்கான் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர்களிடமும் உண்டு போல. "புடிங்குக்கு நன்றி. இது அந்தக் கனவானுக்கு. எந்தப் பின்னேரமும் வரலாம் என்று சொல்லுங்கள்."

"எந்தக் கனவான்?" என்றாள் ஹனா.

என் கணவர் சமையலறைக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்துத் தட்டு, ஐந்து பீங்கான், அரிசி வாளி, விருந்தாளிகள், சிப்பு, யன்னல். ஒன்றையும் விடவில்லை.

அவளுடைய முகம் வெளிறிப்போனது. "கதவைத் திறந்து வச்சது யாரு? வாப்பாவா?"

"இல்ல. நான்."

"நீங்களா?" மாசியை நெஞ்சோடு இறுக்கினாள். "உம்மா, அவருக்கு றோட்டு தெரியாது! செத்திருப்பார்! எனக்குச் சொல்லாம மறைக்கவும் பாத்திருக்கீங்க!"

"ஓம்" என்றேன். "ஓம், மகள்."

அவள் பூனையோடு மேலே போய்விட்டாள். நான் கீழே சாடின் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். போச்சு, ஆறு மணியும் போச்சு. அவரைக் கூடையில் போட்டு வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். படியில் காலடி கேட்டது. ஹனா பாதிப் படியில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அந்தச் சிப்பு ஆளுக்கு என்ன சொன்னீங்க?"

"அப்படியெண்டா அவர் காணாமல் போகல்ல எண்டு."

"பிறகு?"

"பெருநாள் வாழ்த்துச் சொன்னன்."

அவளுடைய வாயின் ஓரம் ஒரு பக்கமாக இழுபட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. "நீங்க! நீங்க கதவைத் திறந்து வச்சிருக்கீங்க!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இடையில் ஒரு தரம் நிறுத்தி, "இன்னும் கோவம்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சிரித்தாள்.

8

முந்தநாள் அவள் திரும்பிப் போனாள். நேற்று ஆறு மணிக்குப் போன் அடித்தது. நான் மாசியைச் சீவி, செற்றியில் இருத்தி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"உம்மா, அவரை விடுங்க. போனை உங்கட பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். திரையில் ஹனாவோடு இன்னும் மூன்று தலைகள், அவளோடு அந்த வீட்டில் இருக்கிற பிள்ளைகள். "யன்னலிலிருந்து சொல்லுங்க. இங்கிலீஷுல" என்றாள் ஹனா.

சொன்னேன். பூனை தொங்கிய விதத்துக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. ஆகவே போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, செற்றியின் கையில் குறுக்கே கிடந்து, தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தொங்கவிட்டுக் காட்டினேன். அங்கே கூச்சல். ஒரு பிள்ளை, ஹனாவின் உம்மா இன்னொரு தரம் செய்வாவா என்று கேட்டாள். செய்தேன். அந்த வழியால் வந்த என் கணவர், "என்ன புள்ள, சுகமில்லையா?" என்று ஓடி வந்தார். அது இன்னும் பெரிய கூச்சல்.

முப்பத்தெட்டு நிமிடம் கதைத்திருக்கிறோம். பூனையைக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஒரு பூட்டைப் பற்றியும் கேட்கவில்லை. வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இன்றைக்கு அவளுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கேட்க வருகிறார்களாம். கீத் பெருநாள் எத்தனை நாள் என்று கேட்ட இடத்தை அவசரப்படுத்தாமல் சொல்ல வேண்டுமாம், ஹனாவின் கட்டளை. மணி ஐந்து ஐம்பது. தொங்கித் தொங்கி முதுகு பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிறேன்.